மறுமொழி: 'வட்டு இடைமுகம்' ஒரு சொல் போதுமா?

ஐயா, வணக்கம்.

கணினியில் வட்டை இணைக்கும் எல்லாவற்றையும் குறிக்க 'வட்டு இடைமுகம்' (disk interface) என்ற ஒரு சொல்லை முன்வைத்தீர்கள். பழைய ஐடிஇ (IDE) இணைப்பு இருந்த காலத்துக்கு அது சரியாகப் பொருந்தும். அகலமான நாடா வடத்தைப் பார்த்தாலே வட்டு எந்த வகை என்று தெரிந்துவிடும். அதற்கடுத்த சாட்டா (SATA) இணைப்பு வந்த பிறகும் அப்படித்தான். ஏழு முனைச் செருகி ஒன்றே அடையாளம்.

வடமில்லாமல் தாய்ப்பலகையிலேயே வட்டைச் செருகும் எம்.2 (M.2) வந்ததும் அது குழம்பிப் போனது. 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட இரண்டு எஸ்எஸ்டிகளை (SSD, சுழலும் பாகமில்லாத வட்டு) அருகருகே வைத்தால், சட்டென வேறுபாடு தெரியாது. ஒன்று சாட்டா வகை, நொடிக்கு 550 மெகாபைட் அளவிலேயே நின்றுவிடும். மற்றது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 (PCI Express) என்ற வேகமான இணைப்பு வகை, 3,500 வரை போகும். தாய்ப்பலகை வாங்குபவர் "எம்.2 இடைமுகம் இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரர் "இருக்கு" என்பார். அது உண்மைதான், ஆனால் எந்த வகை என்று தெரியாததால் வாங்குபவருக்கு அதனால் பயனில்லை.

ஆகவே மூன்று சொற்கள் வேண்டும் என்பேன். வட்டைப் பொருத்தும் இடம் செருகுவாய். தரவு ஓடும் வழி பாட்டை (bus). இது பாடநூலில் பழகிய சொல். வட்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை நெறிமுறை. எம்.2 என்பது செருகுவாய் மட்டுமே. சாட்டா பாட்டையில் வழக்கமாக ஏஎச்சிஐ (AHCI) நெறிமுறை, பிசிஐ எக்ஸ்பிரஸில் என்விஎம்இ (NVMe). முன்னதில் கட்டளைகள் காத்திருக்க ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். பின்னதில் 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடமுண்டு. வேகத்துக்குப் பாட்டை மட்டுமே காரணமல்ல என்பதை இப்படிப் பிரித்தால்தான் சொல்ல முடியும்.

பல பலகைகளின் கையேட்டில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: 'இரண்டாம் எம்.2 செருகுவாயில் சாட்டா வட்டைப் பொருத்தினால் ஐந்தாம் சாட்டா இணைப்பு இயங்காது.' எல்லாவற்றையும் இடைமுகம் என்று எழுதி இந்த வரியைப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

அப்புறம், பிசிஐ எக்ஸ்பிரஸில் தரவு இணையாகச் செல்லும் ஒவ்வொரு வழியையும் 'லேன்' (lane) என்பார்கள், அது தடம் ஆகட்டும். நான்கு லேனுக்கு இலக்கணப்படி 'நாற்றடம்' வரும். ஆனால் காதில் நாற்றம் என்றே விழும். 'நான்கு தடம்' என்று பிரித்தே எழுதலாம்.

எம்.2 வட்டின் விளிம்பில் உள்ள வெட்டைச் சிலர் ஆங்கில key-யை அப்படியே பெயர்த்து 'சாவி' என்று எழுதுகிறார்கள், அது வேண்டாம். தச்சர்கள் சொல்லும் 'காடி' இருக்கிறதே. இடத்தைப் பொறுத்து அது எம் காடி (M key) அல்லது பி காடி (B key). சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு காடிகளும் இருக்கும். நான்கு தட என்விஎம்இ வகையில் எம் காடி மட்டும். கடையில் பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது இதைத்தான்.

'காடி'க்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.