ரோமில் ஒரே நாளில் கொலோசியம், ஃபோரம், பாலடைன் – அப்பா அம்மாவோடு முடியுமா?

கேள்வி (கோத்தகிரி): கொலோசியம் (பழங்கால அரங்கம்), ஃபோரம் (பழைய நகர மையத்தின் இடிபாடுகள்), பாலடைன் (பக்கத்துக் குன்று) மூன்றையும் பார்க்க ஜூலையில் வழிகாட்டியோடு போகிறோம். அப்பா அம்மா மலைக்குளிருக்கே பழகியவர்கள். என்னென்ன கவனிக்கணும்?

பதில் (குன்னூர்): தாராளமாக முடியும். மூன்றுக்கும் ஒரே டிக்கெட். நேரம் குறிப்பது கொலோசியத்துக்கு மட்டும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், அதனால் இனிஷியல் போடாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுசாகக் கொடுங்கள். பொருந்தாவிட்டால் வாசலில் சிக்கல். கொலோசியத்தின் நிலவறை பார்க்கணும்னா சாதாரண டிக்கெட் செல்லாது, தனி வகை எடுக்கணும்.

பதில் (ஊட்டி): காலையில் முதல் நேரத்தையே பிடியுங்க. நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டும், ஃபோரத்தில் நிழல் ரொம்பக் குறைவு. ஃபோரமும் பாலடைனும் ஒரே வளாகம். வெளியே வந்துட்டா திரும்ப விடமாட்டாங்க, அவசரப்படாதீங்க. கல் பாவிய தரை மேடுபள்ளமா இருக்கும், பிடிப்புள்ள ஷூ கட்டாயம். காலி பாட்டில் போதும், தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கிட்டே இருக்கும்.

பதில் (குன்னூர்): மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். கூட்டம் நெரியும், பெரியவர்களோடு வேண்டவே வேண்டாம்.