பொருள்: ‘முன்பூப்பு’ பொருந்துமா? சிறுவயதிலேயே பருவம் தொடங்கும் கோளாறுக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1 (கையேட்டு மொழிபெயர்ப்பாளர்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளின் வளர்ச்சி, ஹார்மோன் கோளாறுகள் பற்றிப் பெற்றோருக்கான கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. பெண் குழந்தைக்கு 8 வயது நிறையும் முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயது நிறையும் முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கிவிடும் நிலையை என்ன சொல்லி அழைப்பது?

‘முன்பூப்பு’ என்று எழுதினால் சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வழக்கில் பூப்பு என்றால் முதல் மாதவிடாய். மார்பு அரும்பி, பெரும்பாலும் இரண்டு இரண்டரை ஆண்டு கழிந்த பிறகே அது வரும். ‘முன்பூப்பு’ என்று படிக்கும் தாய், ஏழு வயது மகளுக்கு மார்பு அரும்புவதைப் பார்த்தும், ‘இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லையே’ என்று காத்திருப்பார். அதற்குள் எலும்பு வெகுதூரம் முதிர்ந்திருக்கும். பையன்களுக்கோ இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது.

‘முன்முதிர்வு’ எப்படி? எலும்பு வயதைப் பேசும்போதும் ‘எலும்பு முதிர்வு’ என்றே எழுதுகிறோம். இரண்டும் இணைந்து போகும் என்று நினைக்கிறேன்.

மடல் 2 (குழந்தை ஹார்மோன் மருத்துவர்)

வணக்கம். ‘முன்பூப்பு’ வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. ‘முன்முதிர்வு’ வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, அது ‘முன்முதுமை’ என்பதற்கு மிக அருகில் நிற்கிறது. குழந்தை வயதுக்கு முன்பே மூப்படையும் வேறொரு அரிய நோய் இருக்கிறது. அச்சில் எழுத்துகள் பிறழ்ந்தால் பெற்றோர் உடைந்துபோவார்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். பருவம் முந்தினால் எலும்பும் முந்தும் என்பது பொது விதி. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஏழு வயதுக் குழந்தைக்குப் பத்து வயது எலும்பு தெரியும். குழந்தை இப்போது வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருக்கும். வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடிவிடுவதால் வளர்ச்சி முடிந்தபின் குள்ளமாக நின்றுவிடும். ஆனால் நெடுநாள் கவனிக்கப்படாத கடும் தைராய்டு குறைவில் இது தலைகீழ். மார்பு வளரும், இரத்தக்கசிவுகூட வரும். உயரமோ தேங்கிக் கிடக்கும், எலும்பு வயது பின்தங்கும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது தைராக்ஸின் மாத்திரை. பருவத்தை நிறுத்தும் ஊசி தேவையில்லை. அங்கே போய் ‘முன்முதிர்வு’ என்று எழுதினால், முதிராத எலும்பை முதிர்ந்தது என்று சொன்னதாகும். சொல்லில் முதிர்வு வேண்டாம். முந்தியது என்ற காலக்குறிப்பு மட்டும் போதும்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். பையன்களில் முதல் அறிகுறி மீசையோ குரலோ இல்லை. விரையின் கொள்ளளவு 4 மில்லிலிட்டரை எட்டுவதுதான் தொடக்கம். கொள்ளளவு குறித்துக் கோத்த மணிகளோடு ஒப்பிட்டு அளக்கிறோம். இதைத் தாயும் தந்தையும் வீட்டில் கவனிக்க வழியில்லை. அதனால் பையன்கள் தாமதமாகவே வருகிறார்கள். அவர்களில்தான் மூளைக் கட்டி போன்ற காரணங்கள் அதிகம். ஆண்பிள்ளைகளை வெளியே நிறுத்தும் எந்தச் சொல்லையும் நான் ஏற்க மாட்டேன்.

மடல் 3 (தமிழாசிரியர்)

ஐயா, அம்மா, வணக்கம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்ற வரிசையில் பெதும்பைக்கு 8 முதல் 11 வயது என்பது மரபு. மார்பு அரும்பும் வயது ஏறத்தாழ அதுவே. ‘முன்பெதும்பை’ என்று சொல்லலாமா என யோசித்தேன். டாக்டர் சொன்ன காரணத்தாலேயே அது விழுந்துவிடுகிறது. பெண்ணுக்கு மட்டுமான சொல்.

‘பருவமாற்றம்’ என்றும் வைக்க முடியாது. பருவநிலை மாற்றத்தோடு குழம்பும். ஆனால் ‘பருவம்’ என்ற வேரை விட மனமில்லை. அது இருபாலுக்கும் பொது. வினையாகவும் நடமாட வேண்டும். மருத்துவர் வாயில் வராத கலைச்சொல் அகராதியிலேயே கிடக்கும். ‘பருவமுந்தல்’ என்று முன்மொழிகிறேன். ‘குழந்தைக்குப் பருவம் முந்தியிருக்கிறது’ என்று இயல்பாகப் பேசலாம். எதிர்நிலைக்குப் ‘பருவம் பிந்தல்’. பூப்பு என்ற சொல்லை எறிந்துவிடாமல் முதல் மாதவிடாய்க்கு மட்டும் ஒதுக்குவோம்.

மடல் 4 (பாடநூல் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்களிடம் ‘சாமத்தியப்பட்டாள்’, ‘பெரியபிள்ளையானாள்’ என்றால் முதல் மாதவிடாய்தான். ‘பருவமடைந்தாள்’ என்றாலும் சனங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள். எனவே ‘அடைதல்’, ‘எய்தல்’ என்று முடியும் சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அவை முடிவைச் சொல்கின்றன, தொடக்கத்தைச் சொல்வதில்லை. ‘முந்தல்’ அந்த வலையில் விழவில்லை. எனக்குச் சம்மதம்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் ஹார்மோன், பிட்யூட்டரி என்று எழுதுவதை நாங்கள் ஓமோன், கபச்சுரப்பி என்கிறோம். கையேட்டில் முதல் இடத்திலாவது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

மடல் 5 (கையேட்டு மொழிபெயர்ப்பாளர்)

‘பருவமுந்தல்’ என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்து இரு வகைகள். மூளையிலிருந்து வரும் கட்டளையால் தொடங்குவதை ‘மூளைவழி’ என்றும் மற்றதைச் ‘சுரப்பிவழி’ என்றும் எழுதலாமா?

மடல் 6 (குழந்தை ஹார்மோன் மருத்துவர்)

இரண்டுமே வழுக்கும். தந்தை தோளில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு குழந்தையின் தோலில் ஒட்டிப் பருவம் முந்துவதுண்டு. அதில் குழந்தையின் சுரப்பி எதுவும் குற்றவாளி இல்லை. மூளைக்குள் இருக்கும் ஒருவகைக் கட்டி ஹெச்சிஜி என்ற ஹார்மோனைச் சுரந்து, சிறுவனின் விரையை நேரடியாகத் தூண்டும். கட்டி மூளையில்தான், ஆனால் இயல்பான கட்டளை வழியில் அது நடக்கவில்லை.

பிரிக்க வேண்டியது இடத்தை வைத்து அல்ல, கட்டளைச் சங்கிலியை வைத்து. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி ஜிஎன்ஆர்ஹெச் என்ற கட்டளை ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது; மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது; சூலகமோ விரையோ விழிக்கிறது. இந்த மூன்றடுக்கை ‘அச்சு’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஆகவே ‘அச்சுவழிப் பருவமுந்தல்’, ‘அச்சுசாராப் பருவமுந்தல்’. சோதனையும் அப்படியே பிரிக்கிறது. நுண்ணளவு காணும் முறையில் எல்ஹெச் லிட்டருக்கு 0.3 அலகுக்கு மேல் இருந்தால் அச்சு விழித்திருக்கலாம் என்று ஐயப்படுகிறோம். தூண்டல் ஊசி போட்டு 30, 60 நிமிடங்களில் இரத்தம் எடுத்து, உச்சம் 5 அலகைத் தாண்டினால் பெரும்பாலும் உறுதி.

ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சியில் (அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் கோளாறு) முதலில் அச்சுசாரா வகை. தாமதமாகச் சிகிச்சை தொடங்கி ஆண்ட்ரோஜன் இறங்கியதும், முதிர்ந்துவிட்ட உடலில் அச்சு தானே விழித்துக்கொள்ளும்.

பூப்பு பற்றியும் ஓர் எச்சரிக்கை. மெக்யூன்-ஆல்பிரைட் நோய்க்கூட்டில் (அச்சு விழிக்காமலே சூலகம் இயங்கும் அரிய மரபணுக் கோளாறு) சூலக நீர்க்கட்டி திடீரென ஈஸ்ட்ரோஜனைக் கொட்டி வற்றும். மார்பு சரியாக அரும்பும் முன்பே இரத்தம் படும். அதைப் பூப்பு என்று எழுதாதீர்கள். ‘இரத்தக்கசிவு’ போதும். சடங்குக்கு நாள் குறித்துவிடுவார்கள். போக வேண்டியது மருத்துவமனைக்கு.

மடல் 7 (மரபியல் ஆய்வாளர்)

ஆய்வு முன்னேற்றங்கள் பகுதிக்கு: 2003இல் கிஸ்பெப்டின் ஏற்பி (மூளையில் ஜிஎன்ஆர்ஹெச்சைத் தூண்டும் கட்டளையை ஏற்கும் புரதம்) பழுதானால் பருவமே வராது என்று தெரிந்தது, அது முடுக்கி. 2013இல் எம்கேஆர்என்3 என்ற மரபணு பழுதானால் பருவம் முந்துகிறது என்று தெரிந்தது, அது தடை. 2017இல் டிஎல்கே1 என்ற மரபணுவும் இந்தத் தடைகளோடு சேர்ந்தது. பின்னிரண்டும் தந்தையிடமிருந்து வந்த படி (நகல்) மட்டுமே இயங்கும் மரபணுக்கள். தாயிடமிருந்து பழுதான படி வந்தால் குழந்தைக்கு ஒன்றும் நேராது.

இதைக் கையேட்டில் ஒரு கேள்வியாக மாற்றுங்கள். ‘அம்மா எந்த வயதில் பெரியவளானார்?’ என்று மட்டும் கேட்டால் இந்தக் குடும்பங்கள் நழுவிவிடும். அப்பாவுக்கு எந்த வயதில் குரல் உடைந்தது, அத்தைகளுக்கு எப்போது தொடங்கியது என்றும் கேட்க வேண்டும். அப்பா தன் தாயிடமிருந்து பழுதைப் பெற்றிருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் பிள்ளைகளில் வெளிப்படும். ‘தலைமுறை தாண்டியது’ என்று பெற்றோர் சொல்வது இதைத்தான்.

மடல் 8 (கையேட்டு மொழிபெயர்ப்பாளர்)

சிகிச்சைப் பத்திக்கு ‘பருவம் தடுக்கும் ஊசி’ என்று எழுதியிருக்கிறேன். சரியா டாக்டர்?

மடல் 9 (குழந்தை ஹார்மோன் மருத்துவர்)

‘தடுக்கும்’ வேண்டாம், ‘நிறுத்தி வைக்கும்’ என்று எழுதுங்கள். தடுத்தல் என்றால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறே போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். ஊசியை நிறுத்தினால் அச்சு மீண்டும் விழிக்கும்.

ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மாதமே பீதி வரும். இயற்கையில் ஜிஎன்ஆர்ஹெச் விட்டு விட்டு வருவதால்தான் பிட்யூட்டரி கேட்கிறது. ஊசியிலிருந்து அதே போன்ற கட்டளை இடைவிடாமல் வந்தால் செவிமடுப்பதை நிறுத்திவிடும். 1978இல் குரங்குகளில் நிறுவப்பட்டது. ஆனால் முதல் ஊசிக்குப் பின் சில நாள் தூண்டல் கூடும். பிறகு ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது சில பெண்குழந்தைகளுக்கு ஒருமுறை இரத்தம் படும். மருந்து தோற்றதாக எண்ணி அடுத்த ஊசிக்கு வராமல் இருந்துவிடக் கூடாது.

இந்த மருந்துகளில் ஒன்றான லியூப்ரோலைடு மாத ஊசியும் மூன்று மாத ஊசியும் இங்கே பழக்கத்தில் உள்ளவை. ஆறு மாத ஊசிகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் வந்திருக்கிறது: 2017இல் டிரிப்டோரெலின், 2020இல் லியூப்ரோலைடு. எதுவானாலும் நாள் தவறினால் அச்சு விழிக்கத் தொடங்கும். அட்டவணையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மருந்துத் தூளைக் கரைத்ததும் உடனே செலுத்த வேண்டும். வைத்திருந்தால் துகள் அடியில் படிந்து ஊசியை அடைக்கும், பாதி மருந்து புட்டியிலேயே தங்கும் என்று செவிலியர் குறிப்பில் சேருங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு வயதுக்குள் மார்பு மட்டும் லேசாக அரும்பி, உயர வேகமும் எலும்பு வயதும் மாறாமல் இருப்பதற்குத் ‘தனி மார்பரும்பல்’ என்று வேறு தலைப்பே கொடுங்கள். அது பருவமுந்தல் இல்லை. பெரும்பாலும் தானே அடங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும்.