முதல் பறப்புக்கு முன்: ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) விமானத்தில் மேசையிலேயே பிடிபட வேண்டிய தவறுகள்

முதல் பறப்பில் விழுந்த விமானத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் நசுங்கியிருப்பது மூக்கு. காரணம் பெரும்பாலும் வாலில் இருக்கும். வால் கனம். அதனால் சிஜியில், அதாவது எடை மையத்தில், இருந்தே தொடங்குகிறேன்.

கணக்குக்கு வசதியாக ஒரே விமானத்தை வைத்துக்கொள்வோம். இறக்கை மேலே இருக்கும் ட்ரெய்னர் (பழகுவதற்கான விமானம்), இறக்கை நீளம் 1.2 மீட்டர், அகலம் 20 செ.மீ., 2212 மோட்டார் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 10 இன்ச் ப்ரொப்பல்லர், 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, நாலு 9 கிராம் சர்வோ (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்). எல்லாம் சேர்த்து 850 கிராம். நம் ஊரில் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கட்டுவது இந்த அளவுதான்.

இறக்கையின் முன்விளிம்பில் இருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் சிஜி இருக்க வேண்டும். 20 செ.மீ. அகலத்துக்கு அது 5 முதல் 6.5 செ.மீ. முதல் பறப்புக்கு 5.5-இல் நிறுத்துங்கள். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஆள்காட்டி விரல் இரண்டையும் வைத்துத் தூக்குங்கள். பேட்டரி, ப்ரொப்பல்லர், இறக்கையைக் கட்டும் ரப்பர் பேண்ட் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஓடும் ஃபேனுக்குக் கீழே தூக்கிப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியாது. மூக்கு லேசாகக் கீழே தொங்கினால் நல்லது.

வால் இறங்கினால் உடனே ஈயத்தைத் தேடாதீர்கள். முதலில் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். 180 கிராம் பேட்டரியை 2 செ.மீ. நகர்த்தினாலே சிஜி 4 மி.மீ. முன்னால் வரும். அதற்கு மேல் இடமில்லை என்றால்தான் எடை. வாலில் தாராளமாகப் பசை போட்டதன் விலை அப்போதுதான் தெரியும்: வால் சிஜியில் இருந்து 60 செ.மீ. பின்னால், மூக்கு 20 செ.மீ. முன்னால் என்றால், வாலில் கூடிய ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 30 கிராம் கட்ட வேண்டும்.

வால் கனமான விமானத்தில் மூக்கு கொஞ்சம் எழும்பினால் எழும்பிக்கொண்டே போகும். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கொஞ்சம் தொட்டாலும் துள்ளும், வேகம் செத்துவிடும், ஒரு இறக்கை சரிந்து விழும். புதிய கையால் அதைப் பிடிக்க முடியாது. பேட்டரி இருக்கும் இடத்தை உள்ளே பேனாவால் குறித்து, அடியில் வெல்க்ரோவும் மேலே பட்டையும் போட்டுக் கட்டுங்கள். வெல்க்ரோ மட்டும் போட்டால், கையால் எறியும் அந்த ஒரு இழுப்பில் பேட்டரி பின்னால் நழுவும். மேசையில் பார்த்த சிஜி அதோடு போச்சு.

* * *

சிஜி பத்தி முதல்ல எழுதினவர் சொன்னது முழுக்க சரி. அதுக்கு அடுத்தபடியா விமானத்தைக் கொல்றது தலைகீழா வேலை செய்யற கன்ட்ரோல். எலிவேட்டர் தப்பா இருந்தா பலர் கண்டுபிடிச்சிடுவாங்க. ஐலெரான்லதான் (விமானத்தை இடம் வலமா சாய்க்கிற இறக்கை மடல்) ஏமாறுவாங்க. காரணம் சாதாரணம்: விமானத்தோட மூக்கைத் தங்களைப் பார்த்து வெச்சுகிட்டு செக் பண்றது, இல்லன்னா இறக்கையைக் கழட்டித் திருப்பிப் போட்டுகிட்டு செக் பண்றது.

எப்பவும் வாலுக்குப் பின்னாடி நின்னு பாருங்க. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது ஐலெரான் மேலே எழும்பணும், இடது கீழே இறங்கணும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேலே. ரட்டர் (வாலில நிமிர்ந்து நிக்கிற மடல்) ஸ்டிக் வலதுன்னா ரட்டரும் வலது. வாயால சொல்லிச் சொல்லிப் பாருங்க, பக்கத்துல ஒருத்தரை வெச்சுகிட்டு. மைதானத்துல ஒவ்வொரு தடவை பேட்டரி மாத்தும்போதும் இதே செக் வேணும்.

சர்வோ ஆர்மை மாட்டறதுக்கு முன்னாடி ரேடியோவை (கையில பிடிக்கிற கன்ட்ரோலர்) ஆன் பண்ணி, ட்ரிம் (மடலோட நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தற பட்டன்) எல்லாத்தையும் பூஜ்யத்துல வெச்சு, அப்புறம்தான் ஆர்மை 90 டிகிரியில மாட்டணும். சாஞ்சு மாட்டிட்டு ரேடியோவுல சரிக்கட்டினா ஒரு பக்கம் அசைவு குறைஞ்சிடும். முதல் பறப்புக்கு எலிவேட்டரும் ஐலெரானும் மேலே 10 மி.மீ., கீழே 10 மி.மீ. அசைஞ்சா போதும். எக்ஸ்போ (ஸ்டிக் நடுவுல இருக்கும்போது அசைவை மென்மையாக்கற செட்டிங்) 30 சதவீதம். ஆனா எக்ஸ்போவோட குறி பிராண்டுக்கு பிராண்ட் மாறும்: ஃபுட்டாபாவுல மைனஸ் போட்டா மென்மையாகும், ஸ்பெக்ட்ரத்துல ப்ளஸ். ஸ்டிக்கைப் பாதி தூரம் தள்ளுங்க. எலிவேட்டர் பாதிக்கும் குறைவா அசைஞ்சா சரி, பாதிக்கு மேலே போனா குறியை மாத்துங்க.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைப் புஷ்ராடா (சர்வோவையும் மடலையும் இணைக்கற கம்பி) போடறது நல்ல வேலைதான். ஆனா நடுவுல தாங்கல் இல்லாம நீளமா விட்டா வளையும். கையால எலிவேட்டரை அழுத்திப் பாருங்க, கம்பி வில்லு மாதிரி வளைஞ்சா காத்துல எலிவேட்டர் சொன்ன பேச்சு கேக்காது. ஜூஸ் ஸ்ட்ராவை உறையா ஒட்டி, அதுக்குள்ள விடுங்க.

பசை விஷயம் ஒண்ணு. மோட்டார் மவுண்ட்டை க்ளூ கன்ல மட்டும் ஒட்டாதீங்க. சித்திரை வெயில்ல கருப்பு கலர் சன்பேக் ஷீட் (பிளாஸ்டிக் அட்டை) அரை மணி நேரம் கிடந்தா, காலைல கல்லு மாதிரி இருந்த பசை நகத்தால கீறினா இழுபடும். மோட்டார் சூடும் சேந்தா மவுண்ட் அப்படியே திரும்பிடும். அங்க அரால்டைட் போட்டு, முடிஞ்சா நாலு ஸ்க்ரூவும் போடுங்க. தெர்மோகோல், டெப்ரான் (அதே வகை ஃபோம் ஷீட்) கட்டறவங்க ஃபெவிக்விக்கைத் தொடவே வேண்டாம், ஃபோமை அரிச்சுக் குழி பண்ணிடும். இபிபி ஃபோம்ல அந்தத் தொல்லை இல்லை.

* * *

ஈஎஸ்சி, ரேடியோ பற்றி. மேசையில் செய்யும் இந்த வேலைகள் அனைத்தும் ப்ரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு.

மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் முடிந்தது. ப்ரொப்பல்லரில் எண் அச்சடித்த பக்கம் முன்னால், விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் சத்தம் வரும், காற்றும் வரும். முன்னால் இழுக்கும் பலம் மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். "மோட்டாருக்கு பவர் இல்லை" என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆன் செய்யும் போது ரேடியோ முதலில், பேட்டரி பிறகு. அணைக்கும்போது பேட்டரி முதலில், ரேடியோ கடைசியில். ஃபெயில்சேஃபை (சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) கட்டாயம் செட் செய்து சோதியுங்கள்: மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். விமானத்தில் இருக்கும் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். சிக்னல் போன விமானம் அதே வேகத்தில் ஊருக்குள் போய்விடும்.

அமைதியான அறையில் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்டிக்கை ஓரத்தில் பிடித்திருக்கும்போது சர்வோ "ங்ங்" என்று முனகினால் எங்கோ முட்டிக்கொண்டு கரண்டை இழுக்கிறது. அப்படியே பறந்தால் ஈஎஸ்சியின் பிஈசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) சூடேறி ரிசீவருக்குப் போகும் மின்சாரமே அறுபடும்.

பேட்டரி முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 12.6. சார்ஜ் 1சி, அதாவது 2.2 ஆம்பியர், பேலன்ஸ் வயரையும் (செல்களைச் சமமாக ஏற்ற உதவுவது) மாட்டித்தான். லோ வோல்டேஜ் பஸ்ஸரை 3.6-இல் வையுங்கள். கொள்ளளவில் 80 சதவீதம்தான் நமக்கு: 1760 எம்ஏஎச். சராசரி 10 ஆம்பியர் என்றால் பத்து நிமிடம் வரும். இருந்தாலும் முதல் பறப்புக்கு ரேடியோ டைமர் 5 நிமிடம். இறங்கும் முயற்சி மூன்று தடவை தவறினாலும் மிச்சம் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் ஸ்கூட்டர் டிக்கிக்குள்ளும் லிப்போவை விட்டுப் போகாதீர்கள். அன்று பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8-க்கு இறக்கி வையுங்கள்.

மைதானத்தில் ரேஞ்ச் டெஸ்ட்: ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து மோட்டாரை ஓட்ட, நீங்கள் ரேடியோவோடு நடந்து போங்கள். ரேஞ்ச் செக் மோடு (சிக்னலின் பலத்தைக் குறைத்துச் சோதிக்கும் வசதி) இருந்தால் 30 அடி எடுத்து வைத்தால் போதும். இல்லையென்றால் 100 மீட்டராவது. ஐலெரான் விட்டுவிட்டு அசைந்தால் அன்று பறக்க வேண்டாம். ரிசீவரின் இரண்டு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கட்டும், பேட்டரியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

* * *

இடம் பற்றியும் சொல்லிவிடலாம். ட்ரோன் விதிகள் 2021, ஆர்சி விமானத்துக்கும் பொருந்தும். இந்த 850 கிராம் விமானம் 2 கிலோவுக்கு உட்பட்ட மைக்ரோ வகை. வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இயங்கும் விமான நிலையத்தின் எல்லையில் இருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேலே போகக் கூடாது. மற்ற பச்சை மண்டலங்களில் (முன் அனுமதி தேவைப்படாத வான்வெளி) 400 அடி. தாம்பரம், சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம், உச்சிப்புளி பக்கம் இருப்பவர்கள் படைத்தளங்கள் பக்கத்தில் இருப்பதை நினைவில் வைத்து, வான்வெளி வரைபடத்தைப் பார்த்த பிறகே மைதானம் தேட வேண்டும்.

வற்றிய ஏரியும் அறுவடை முடிந்த வயலும் நல்ல இடங்கள். ஏரி ஓரத்துச் சீமைக் கருவேலத்தில் மாட்டினால் முள் இறக்கையைச் சல்லடை ஆக்கிவிடும், அதற்கு எதிர்ப்பக்கமாக நில்லுங்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். அவர்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைக்க ஒரு ஆள் வேண்டும்.

* * *

இனி எறிவது. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில், காற்று மணிக்கு 10 கி.மீ.க்குள். சூரியன் முதுகில் இருக்கும்படி நில்லுங்கள். விமானம் சூரியனுக்குக் குறுக்கே போனால் ஒரு நொடியில் கண்ணை விட்டுப் போய்விடும். ஆடி மாதம், குறிப்பாகக் கோவைப் பக்கம், முதல் பறப்புக்கு ஆகாது.

இந்த விமானம் பறக்கக் குறைந்தது மணிக்கு 26 கி.மீ. வேகம் வேண்டும். காற்றை எதிர்த்து எறியச் சொல்வது அதனால்தான்: எதிர்காற்று 8 கி.மீ. என்றால் எறிகிற கையும் மோட்டாரும் கொடுக்க வேண்டியது 18 மட்டும். பழகிய ஒருவர் எறியட்டும், உங்கள் இரண்டு கையும் ரேடியோவில் இருக்கட்டும். த்ராட்டில் (மோட்டார் வேகத்துக்கான ஸ்டிக்) முக்கால்வாசி. இறக்கை சமமாக, நேர் எதிரே ஈட்டி எறிவதுபோல. வானத்தைப் பார்த்து எறிவதுதான் அதிகம் நடக்கும் தவறு: விமானம் இரண்டு ஆள் உயரம் ஏறும், வேகம் தீரும், இடது பக்கம் புரளும். இடது பக்கம் ஏனென்றால், ப்ரொப்பல்லர் பின்னாலிருந்து பார்க்க வலதுசுற்றாகச் சுற்றும். அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் புரட்டும். வேகம் இல்லாதபோது ஐலெரானுக்கு அதைத் தடுக்கும் பலம் கிடையாது. மோட்டாரை 2 டிகிரி வலது பக்கமும் 2 முதல் 3 டிகிரி கீழேயும் சாய்த்து மாட்டச் சொல்வது இதற்காகவும், த்ராட்டில் கூட்டும்போது மூக்கு எழும்பாமல் இருக்கவும்.

கையை விட்டதும் எலிவேட்டரை இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணுங்கள். வேகம் பிடித்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள். 40 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடிக் கட்டடத்தைவிடக் கொஞ்சம் மேலே, போன பிறகுதான் ட்ரிம். பக்கத்தில் நிற்பவர் ட்ரிம் பட்டனை ஒவ்வொரு "டிக்" ஆகத் தட்டட்டும். உங்கள் கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகர வேண்டாம்.

விமானம் உங்களைப் பார்த்து வரும்போது இடது வலது குழம்பும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிரும். பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் பத்து மணி நேரம் இதையே பழகினால் விரல் தானாகச் செய்யும். காற்றோடு சேர்ந்து போகும்போது விமானம் வேகமாகத் தெரியும். பயந்து த்ராட்டிலைக் குறைத்துத் திருப்பினால், காற்றைப் பொறுத்த வேகம் குறைந்து திருப்பத்திலேயே விழும்.

மூன்றாவது நிமிடத்திலேயே இறங்கும் பாதையை ஒத்திகை பாருங்கள். காற்றுக்கு எதிராக நேராக வரவேண்டும், த்ராட்டிலைக் குறைத்து, மூக்கு லேசாகக் கீழே. தூரம் பற்றாது என்று தோன்றினால் எலிவேட்டரை இழுக்காமல் த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள். தரைக்கு அரை மீட்டர் இருக்கையில் த்ராட்டில் முழுக்கக் கீழே, எலிவேட்டர் ஒரு துளி மேலே.

இறங்கியதும் பேட்டரியைப் பிடுங்கி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை மூன்று நொடி வைக்க முடியவில்லை என்றால் ப்ரொப்பல்லர் பெரிது. ட்ரிம் எத்தனை டிக் நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, வீட்டில் கம்பியின் நீளத்தை அதற்கேற்ப மாற்றி, ட்ரிம்மை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.