ஜாய்ஸ்டிக் அடித்தகட்டுக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

பாளையங்கோட்டை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியை வைத்துப் பழைய வீடியோ கேம் பெட்டி செய்யச் சொல்லிக்கொடுக்கிறோம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சான்வா ஜேஎல்எஃப் போன்ற ஜாய்ஸ்டிக்கின் அடியில், நடுவே ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். தண்டு எதுவரை சாயலாம் என்பதை அந்த ஓட்டையின் வடிவம்தான் முடிவு செய்யும். சதுரம் என்றால் தண்டு மூலையில் போய் உட்காரும். திசைக்கு ஒன்றாக இருக்கும் மைக்ரோசுவிட்ச் என்கிற சின்ன விசைகளில் பக்கத்துப் பக்கத்து இரண்டும் ஒருசேர அமுங்கிக் குறுக்குத் திசை கிடைக்கும். எண்கோணத்தில் எட்டுத் திசைக்கும் தனித்தனி மூலை. வேண்டியதைக் கழற்றி மாட்டலாம். ஆங்கிலத்தில் 'கேட்' என்கிறார்கள். தமிழில்?

பேட்டை:
தடுச்சட்டம். முடிந்தது.

தென்காசி:
முடியவில்லை. அது வினைத்தொகை, வலி மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்றா எழுதுகிறோம்? தடுசட்டம் என்று எழுதுங்கள்.

மேலப்பாளையம்:
ச் போட்டாலும் போடாவிட்டாலும், ஆளை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற சட்டம் மாதிரித்தான் கேட்கிறது. 'கேட்' என்றே விடுங்கள். கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவான்.

ஸ்ரீவைகுண்டம்:
கடைக்காரனுக்கா கையேடு எழுதுகிறோம்? மடை என்று வையுங்கள். சதுரமடை, எண்மடை. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லுக்கு வேறெங்கே போவது?

தென்காசி:
மடை திறந்தால் தண்ணீர் மறுபக்கம் போகும். இங்கே தண்டு எங்கே போகிறது?

அம்பாசமுத்திரம்:
வரப்பு. வயலைச் சுற்றி நாலு பக்கமும் இருப்பது அதுதானே? சொல்லும் பழையது. வரம்பு என்பதன் வலித்த வடிவம்; இரும்பு 'இருப்புப்பாதை'யில் வலித்தது போல, மருந்து 'மருத்துப்பை'யில் வலித்தது போல. ஔவை 'வரப்புயர' என்று வாழ்த்தியதும் இதுவே. வரை, வரி, வரைவு எல்லாம் ஒரே வேர்தான், கோடு கிழிப்பது. எல்லை இல்லாததால்தான் குறளில் 'வரைவின்' மகளிர்...

மேலப்பாளையம்:
அண்ணாச்சி, இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு.

அம்பாசமுத்திரம்:
சரி, சரி. ஆனால் ஒன்று. தண்டின் மேல் குமிழ் 35 மி.மீ. தானே? இங்கே கடைசல் பட்டறையில் மரத்திலேயே கடைந்து தருவார்கள். உள்ளே எம்6 மரை மட்டும் நேராக இறங்க வேண்டும்.

பாளையங்கோட்டை:
குமிழுக்கு ரொம்ப நன்றி, அதற்குச் சொல்லும் இருக்கிறது. தகட்டுக்கு வருவோம். வரப்பில் ஒரு சிக்கல். 1980இல் வந்த பேக்-மேன் மாதிரியான நான்கு திசை ஆட்டங்களுக்குச் சதுரத்தை 45 பாகை திருப்பி மாட்டச் சொல்லப்போகிறோம். அப்போது மூலைகள் மேல், கீழ், இடம், வலம் என்று வந்துவிடும், கை தவறிக் குறுக்கே போகாது. "வரப்பை 45 பாகை திருப்பு" என்று எழுதினால் பையன்கள் சிரிப்பார்கள்.

பேட்டை:
அப்போ வரம்புத்தகடு. தகடு திரும்பும்.

தென்காசி:
இலக்கணம் சரி. அழகு இல்லை.

மேலப்பாளையம்:
முதல் பக்கத்தில் மட்டும் 'கேட் என்கிற வரம்புத்தகடு' என்று போடுங்கள். அதற்குச் சம்மதம்.

அம்பாசமுத்திரம்:
வரம்பாவது மிஞ்சியதே. எனக்கும் சம்மதம்.

ஸ்ரீவைகுண்டம்:
என்னவே இது! நீங்கள் சொன்ன 45 பாகைக் கதையே என் பக்கம்தான் பேசுகிறது. வரம்பு 'தாண்டாதே' என்று மட்டும் சொல்லும். இந்தத் தகடு தண்டைத் தடுப்பதோடு, கையை மூலைக்குக் கொண்டுபோயும் சேர்க்கிறது. மடையும் தண்ணீரை நிறுத்தும், வேண்டிய வாய்க்காலுக்குத் திருப்பியும் விடும். எண்மடை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கும். வரம்புத்தகடு அரசாணையில் வருகிற சொல்.

பாளையங்கோட்டை:
நீங்கள் சொல்வது நியாயம்தான் அண்ணாச்சி. ஆனால் மத்தியானமே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.