அழகுப் பூக்களில் வீக்கம் தணிக்கும் மருந்து: எவ்வளவு நம்பலாம்?

செடிப்பித்தன்:
சாமந்திக் குடும்பத்துத் தோட்டப் பூவான காலெண்டுலாவைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள், விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பூவில் ஃபாரடியால் எஸ்டர்கள் என்ற வீக்கம் தணிக்கும் பொருள்கள் இருக்கின்றன. எலிக் காதில் வீக்கத்தை வரவழைத்துச் சோதித்தபோது, அவை அதைத் தெளிவாகக் குறைத்தன. மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 254 பெண்கள் இருந்தார்கள். இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேலான தோல் அழற்சி காலெண்டுலா பூசியவர்களில் 41%, ட்ரோலமைன் என்ற வேறொரு தோல் களிம்பு பூசியவர்களில் 63%. இதை வெறும் அழகுச்செடி என்று எப்படி ஒதுக்குவது?

வேதியன்:
அதோடு நிறுத்திவிட்டீர்களே. 2013-இல் ஸ்வீடனில் அதேபோல் கதிர்வீச்சு பெற்ற 400-க்கும் மேற்பட்டவர்களிடம் காலெண்டுலாவைச் சாதாரண ஈரப்பதக் களிம்போடு ஒப்பிட்டார்கள், வேறுபாடே தெரியவில்லை. பூவில் ஒரு பொருள் இருப்பது வேறு, அது உடம்பில் போய் வேலை செய்வது வேறு. வீக்கம் தணிப்பதாகச் சொல்லப்படும் குவெர்செட்டின் என்ற பொருள் எத்தனையோ பூக்களில் உண்டு. சோதனைக் குழாயில் பிரமாதமாகத் தெரியும், வாயில் போட்டால் ரத்தத்தில் சேர்வது சொற்பம்.

செடிப்பித்தன்:
சரி, செங்காந்தளுக்கு என்ன சொல்வீர்கள்? அதிலிருக்கும் கொல்கிசின் என்ற வேதிப்பொருள், கவுட் என்கிற கீல்வாதத்துக்கு இன்றும் கொடுக்கிற மருந்து. வெள்ளணுக்கள் வீங்கிய மூட்டை நோக்கி ஓடுவதையே அது தடுக்கிறது. மாரடைப்பு வந்த 4,745 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தினம் 0.5 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7.1 சதவீதம், கொல்கிசின் பெற்றவர்களில் 5.5 சதவீதம்தான். அழகுப் பூவிலும் இருக்கிற பொருள்தானே இது!

வேதியன்:
நீங்களே சொன்னீர்கள், 0.5 மில்லிகிராம். ஒரு துண்டுக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கையில் எடைபோட்டுச் சொல்ல முடியுமா? செடிக்குச் செடி மாறும். கொஞ்சம் கூடினாலும் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஓரிரு நாளில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். நஞ்சு முறிவு மருந்தும் எளிதில் கிடைக்காது. அந்த வேதிப்பொருளை நான் மதிக்கிறேன். அதனால்தான் மாத்திரையாக அளந்து கொடுத்தால் மட்டும் நம்புவேன்.

பூவிழி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கலப்பைக்கிழங்கு என்று பேர் வாங்கிய செடி அது. தோண்டி எடுத்தால் தின்னக்கூடிய கிழங்கு மாதிரியே இருக்கும், அப்படி நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. வீட்டில் குழந்தை இருக்கிறது, என் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு சந்தேகம்: செண்டுமல்லியும் காலெண்டுலாவும் ஒன்றா? இரண்டுக்கும் மேரிகோல்டு என்கிறார்களே.

செடிப்பித்தன்:
இல்லை, வேறு வேறு செடிகள். பலர் செண்டுமல்லியைக் காய்ச்சிக் குடித்துவிட்டுக் காலெண்டுலாவின் பலனை எதிர்பார்க்கிறார்கள். காலெண்டுலாவையே காய்ச்சினாலும் ஃபாரடியால் எஸ்டர்கள் தண்ணீரில் இறங்காது, எண்ணெயில்தான் இறங்கும். செங்காந்தள் விஷயத்தில் வேதியன் சொல்வது சரி, வீட்டில் யாரும் அதைத் தொட வேண்டாம். காலெண்டுலாவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காய்ந்த இதழை எண்ணெயில் ஊறவைத்துத் தோலில் பூசுகிறேன், வாயில் போடுவதில்லை.

வேதியன்:
தோலோடு நிற்கும்வரை எனக்குச் சண்டை இல்லை. திறந்த புண்ணில் மட்டும் வேண்டாம். சாமந்திக் குடும்பத்துப் பூ ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், பூவிழி. முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள்.