வகுப்பறைத் தொழில்நுட்ப விருதுக்கு நாமே விண்ணப்பிப்பது சரியா?

எட்டாம் வகுப்புக் கணக்கு:
அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. பள்ளி ஆசிரியர்களுக்கான தேசியத் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப விருதுக்கு, அதாவது நாம் சுருக்கமாக ஐ.சி.டி. விருது என்று சொல்வதற்கு, விண்ணப்பிக்குமாறு எங்கள் தலைமையாசிரியர் வற்புறுத்துகிறார். 2010-இல் தொடங்கப்பட்ட இந்த விருதுக்கான தேர்வை தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் அங்கமான மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் நடத்துகிறது.

நான் செய்தது பெரிய காரியம் அன்று. முக்கோணத்தின் குத்துக்கோட்டை, அதாவது ஓர் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரையும் கோட்டை, கரும்பலகையில் வரையும்போது அடிப்பக்கத்தை எப்போதும் கிடையாகவே வரைந்து பழகிவிட்டோம். அதனால் முக்கோணத்தைச் சற்றுச் சாய்த்து வரைந்தால் மாணவர்கள் திகைக்கிறார்கள். ஒரு கோணம் செங்கோணத்தைவிடப் பெரிதாக உள்ள விரிகோண முக்கோணமாக இருந்தால், குத்துக்கோடு வெளியே விழும் என்பதை நம்பவே மறுக்கிறார்கள். ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளில் ஓர் உச்சியைப் பிடித்து மெல்ல நகர்த்தினேன். உள்ளே இருந்த கோடு ஒரு பக்கத்தோடு ஒட்டி, பிறகு வெளியே போவதைப் பார்த்ததும் வகுப்பே சத்தம் போட்டது. இதற்கு விருது கேட்கலாமா என்பதைவிட, நானே எனக்கு விருது கேட்கலாமா என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மா, உங்கள் உறுத்தல் நியாயமானது. அதை எளிதில் விட்டுவிடாதீர்கள். 1958 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய நல்லாசிரியர் விருதுக்கும் நெடுங்காலம் மாநில அரசுகள்தான் பெயர்களைப் பரிந்துரைத்தன. ஆய்வுக்கு வந்த அலுவலர் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைப் பார்த்து, பதிவேடுகளைப் புரட்டி, ஊராரிடம் விசாரித்து ஒருவர் பெயரை எழுதுவார். 2018-இல் ஆசிரியரே இணையத்தில் தம்மை முன்மொழியலாம் என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து பாடம் நடத்துவதில் வல்லவருக்கும் படம் எடுப்பதில் வல்லவருக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விட்டது என்பதே என் கருத்து. புகைப்படம், காணொலி, அறிக்கை என்று ஆதாரங்களை அடுக்கி ஒரு தொகுப்பு தயாரிக்க எத்தனை பாடவேளைகள் பலியாகின்றன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தொழில்நுட்ப விருது என்றால் கேட்கவே வேண்டாம். கருவிக்குத்தான் மாலை விழும். நீங்கள் சொல்லும் குத்துக்கோட்டை வரிசையாக ஆணி அடித்த ஓர் ஆணிப்பலகையும் நான்கு ரப்பர் வளையங்களும் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நான் காட்டியிருக்கிறேன்.

ஒருமுறை தோற்றவர்:
ஐயா, பரிந்துரைக் காலத்தை நீங்கள் பொற்காலமாகக் காட்டுவதை ஏற்க இயலவில்லை. மலைக்கிராமத்தில் பேருந்து போகாத பள்ளியில் வேலை செய்தவரை எந்த அலுவலர் போய்ப் பார்த்தார்? அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து போனவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. தாமே எழுதிக் கேட்கும் முறையில் ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் என் அனுபவத்திலிருந்து ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் விண்ணப்பித்தபோது, பயன்படுத்திய செயலிகளின் பட்டியலும் நாற்பது புகைப்படங்களும்தான் என் தொகுப்பாக இருந்தன. எல்லாப் படங்களிலும் மாணவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதிலும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேர்காணலில் ஒருவர், திரையை அணைத்துவிட்டால் உங்கள் பாடத்தில் எது குறையும் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு இன்றும் மனக்குறை இல்லை.

கருவிக்குத்தான் மாலை என்கிறீர்கள். 2020-இல் உலக ஆசிரியர் பரிசு பெற்ற மகாராட்டிரத்தின் ரஞ்சித்சிங் திசாலேயை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் கியூஆர் குறியீடு ஒட்டியவர் என்றே நாளிதழ்கள் அவரைச் சுருக்கிவிட்டன. சோலாப்பூர் மாவட்டத்தில் அவர் பணியாற்றிய ஊரின் பிள்ளைகள் வீட்டில் பேசியது கன்னடம். பாடநூல் அந்த மொழியில் இல்லை. அவர் முதலில் கன்னடம் கற்றார். பிறகு ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளின் பாடநூல்களைப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து, அந்தக் குறியீடுகள் வழியே கன்னடத்தில் பாடல்களையும் கதைகளையும் கேட்கச் செய்தார். குறியீடு கடைசிப் படிதான் ஐயா. டீச்சர் விண்ணப்பிக்கும்போது இந்த வரிசையில்தான் எழுத வேண்டும்: எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள், அங்கே கரும்பலகை ஏன் போதவில்லை, அதன் பிறகே மென்பொருளின் பெயர்.

பகுதிநேரக் கணினிப் பயிற்றுநர்:
இடையில் ஒரு சொல். தேசிய நல்லாசிரியர் விருதுக்கான விதிகளில் ஒப்பந்த ஆசிரியர்கள் தகுதியற்றவர்கள் என்று தெளிவாகவே இருக்கிறது. காலையில் புரொஜெக்டரின் வயரைச் சரிசெய்து, எலி கடித்த கேபிளை மாற்றி, மென்பொருளை நிறுவித் தருகிறவர் பல பள்ளிகளில் எங்களைப் போன்றவர்தான். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒருமுறை தோற்றவர்:
உண்மை. என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
திசாலேயைப் பற்றி நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். கன்னடம் கற்றதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. அலுவலகத்தைச் சுற்றியவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க மாட்டேன், அப்படிச் சிலர் இருந்தார்கள். ஆனால் ஆசிரியையிடம் நேராக ஒன்று கேட்கிறேன். வகுப்பே சத்தம் போட்டது என்றீர்கள். பட்டாசு வெடித்தாலும் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து, திரை இல்லாமல், சாய்ந்த விரிகோண முக்கோணம் ஒன்றைக் கொடுத்துக் குத்துக்கோடு வரையச் சொன்னீர்களா?

எட்டாம் வகுப்புக் கணக்கு:
சொன்னேன் ஐயா. அதை முதல் பதிவில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் கூச்சம்தான். வகுப்பில் 38 பேர். 27 பேர் அடிப்பக்கத்தை நீட்டிக் கோட்டைச் சரியாக வெளியே வரைந்தார்கள். மீதிப் பதினொரு பேர் பழையபடியே முக்கோணத்துக்குள் ஒரு கோட்டை இழுத்து, அது செங்கோணம் போலத் தோன்றும்படி மூலையில் ஒரு சிறு கட்டமும் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆணிப்பலகையைப் பற்றி நீங்கள் சொன்னதை யோசித்தேன். ரப்பர் வளையம் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்குத் தாவுகிறது. செங்கோண முக்கோணமாகும் அந்த ஒரு கணத்தில் கோடு பக்கத்தோடு ஒட்டிக்கொள்வதை என் மாணவர்கள் திரையில்தான் கண்டார்கள். திரையை அணைத்தால் குறைவது அந்தக் கணம்தான் என்று என்னால் பதில் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பதினொரு பேருக்கு அது போதவில்லை என்பதும் உண்மை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அந்தப் பதினொரு பேரை என்ன செய்தீர்கள்?

எட்டாம் வகுப்புக் கணக்கு:
மூலைமட்டத்தைக் கையில் கொடுத்து, அடிப்பக்கம் கிடையாக வரும்வரை நோட்டையே திருப்பச் சொன்னேன். எட்டுப் பேருக்குப் பிடிபட்டுவிட்டது. மூவருக்கு இன்னும் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
நோட்டைத் திருப்பியதை விண்ணப்பத்தில் எழுதுவதாக இருந்தால் விண்ணப்பியுங்கள். எழுதாவிட்டால் வேண்டாம். முறையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

ஒருமுறை தோற்றவர்:
இதில் நானும் ஐயாவும் ஒரே பக்கம். ஆனால் வேறொருவர் இதைப் படித்துவிட்டு, தோல்வியை யார் விண்ணப்பத்தில் எழுதுவார்கள் என்று எனக்குத் தனியே கேட்டிருக்கிறார். மதிப்பெண் குறையலாம் என்ற அச்சம் பொய்யன்று. குறைந்தாலும் எழுதுங்கள் என்பேன். புகைப்படங்கள் இரண்டு மூன்று போதும். அவற்றுக்குப் பதிலாக ஒரே மாணவரின் நோட்டிலிருந்து மூன்று பக்கங்களை நகலெடுத்து இணையுங்கள்: பாடத்துக்கு முன், திரையில் பார்த்த மறுநாள், ஒரு மாதம் கழித்து.

எட்டாம் வகுப்புக் கணக்கு:
அப்படியே செய்கிறேன். பாடவேளையைத் தொடாமல் சனிக்கிழமைகளில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். நாளை காலை பழைய நோட்டுகளைத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு பேர் தங்கள் நோட்டை ஏற்கெனவே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.