ரெண்டு மெஷின், ஒரு புராஜெக்ட்: நான் மாட்டிக்கொண்ட கதை

சாயங்காலம் ஆபீஸ் டெஸ்க்டாப்பில் பாதியில் விட்ட வேலையை ராத்திரி ஆபீஸ் லேப்டாப்பில் வீட்டிலிருந்து தொடரணும். என் தேவை இவ்வளவுதான். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் தெரியாமல் இல்லை, அரைகுறை கோடை அதில் கமிட் பண்ண (பதிவாக்க) மனசு வரவில்லை. அதனால் புராஜெக்ட் போல்டரை அப்படியே ஒரு கிளவுட் டிரைவுக்குள் தூக்கிப் போட்டேன். கிட் தன் பதிவுகளை வைத்திருக்கும் டாட் கிட் போல்டரும் உள்ளே இருந்ததால் கூடவே போனது.

ரெண்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை. புராஜெக்டுக்கு வேண்டிய வெளி லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் போல்டரில் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் இருந்ததால் சிங்க் ஐகான் சுற்றிக்கொண்டே இருக்கும், அது பழகிப்போச்சு. ஒருநாள் அது சுற்றி முடிக்கும் முன்பே டெஸ்க்டாப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ராத்திரி லேப்டாப்பில் ரெண்டு கமிட். மறுநாள் டெஸ்க்டாப்பை எழுப்பி பிராஞ்ச்களை (வேலையின் கிளைகளை) பட்டியலிடும் 'கிட் பிராஞ்ச்' கட்டளையை அடித்தால், உடைந்த பெயரில் ஒரு ரெஃப் (பிராஞ்சைக் குறிக்கும் ஃபைல்) இருக்கிறது என்று எச்சரிக்கை. உள்ளே போய்ப் பார்த்தேன். 'மெயின்' பிராஞ்ச் ஃபைல் பக்கத்திலேயே இன்னொரு 'மெயின்', வாலில் என் மெஷின் பெயரும் 'மோதல் நகல்' என்ற ஒட்டும். கிட்டுக்கு பிராஞ்ச் என்பது கடைசி கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹாஷ் இருக்கும் ஒரு குட்டி ஃபைல். டிரைவுக்கு அது கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப் மாதிரி இன்னொரு ஃபைல், ரெண்டையும் பத்திரமாக வைத்துவிட்டது.

லேப்டாப்பில் உடனே வைஃபையை அணைத்து, போல்டரை டிரைவுக்கு வெளியே நகல் எடுத்ததால் அந்த ரெண்டு கமிட்டும் பிழைத்தன. சர்வரிலிருந்து புராஜெக்டைப் புதுசாக குளோன் பண்ணி (இறக்கி), லேப்டாப் நகலை அதில் ஒரு ரிமோட்டாக, அதாவது இன்னொரு மூலமாகச் சேர்த்து, அந்த கமிட்களை ஃபெட்ச் பண்ணினேன் (எடுத்துக்கொண்டேன்). இப்போது வெட்கப்படாமல் என் பிராஞ்சில் 'பாதி வேலை' என்று கமிட் போட்டு சர்வருக்குத் தள்ளிவிடுகிறேன் (புஷ்). அடுத்த மெஷினில் அதை இழுத்து சாஃப்ட் ரீசெட் அடித்தால் கமிட் கலையும், கோட் அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் ஒழுங்காக கமிட் போட்டு, சர்வரில் இருக்கும் பழையதை மாற்றிவிடும் ஃபோர்ஸ் புஷ். என் பிராஞ்ச்தானே, கேட்க ஆளில்லை.

மறுமொழி 1

அண்ணே, ஸ்டாஷ் பண்ணி (கமிட் போடாம மாற்றங்களை ஓரமா ஒதுக்கி) புஷ் பண்ணினால் கூடவே வந்துடும்னு நம்பி ஊருக்கு பஸ் ஏறினவன் நான். ஸ்டாஷ் அந்த மெஷினை விட்டு நகராதுன்னு ஊர்ல லேப்டாப்பைத் திறந்தப்புறம்தான் தெரிஞ்சது. தீபாவளி லீவு முழுக்க அது ஆபீஸ்லயே கிடந்தது.

மறுமொழி 2

நான் ஆர்சிங்க் கட்சி, ஒரு மெஷினின் போல்டரை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கட்டளை அது. போக ஒரு ஸ்கிரிப்ட், வர ஒரு ஸ்கிரிப்ட், ரெண்டிலும் அனுப்பும் பக்கம் இல்லாத ஃபைலை வாங்கும் பக்கம் அழிக்கும் டிலீட் ஆப்ஷன். தூக்கக் கலக்கத்தில் திசை மாற்றி ஓட்டிவிட்டேன். திருத்தின ஃபைல்கள் மேல் பழசு வந்து உட்கார்ந்தது, புதுசாக எழுதின ஃபைல்கள் காணோம். சொன்னதைத்தான் செய்தது, திட்டவும் முடியவில்லை. இப்போது டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு, எதெல்லாம் அழியப்போகிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.

மறுமொழி 3 (முதலில் எழுதியவர்)

ஸ்டாஷ் தம்பி, பாஸ்வேர்டு மாதிரி அமைப்புகள் இருக்கும் டாட் என்வ் ஃபைலும் அதே ஜாதிதான். கிட் கண்டுகொள்ளாத ஃபைல்களின் பட்டியலான கிட் இக்னோரில் இருப்பதால் புஷ்ஷில் வராது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு லேப்டாப்பில் மட்டும் பழசாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அதை இன்னும் கையால்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.